நீல மூடி, மஞ்சள் மூடி

ஜூன் 9

பிசின்காரருக்கு,

உங்கள் ஆய்வுக்கூடத்துப் பெட்டி வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் பாதிப் புட்டிகளுக்கு நீல மூடி, பாதிக்கு மஞ்சள் மூடி. ஒன்று சொத்தை விழாமல் பல்லில் தடவ, பிசினில் கரைத்துச் செய்கிற உங்களுடைய பழைய ஃப்ளோரைடு பூச்சு. இன்னொன்று இரண்டு வருஷமாக வீடு வாசலை விட்டுவிட்டு நீங்கள் எல்லோரும் திருத்தித் திருத்திச் செய்த புதுப் பூச்சு. எது எது என்று பூசுகிற பல் டாக்டருக்கும் தெரியக்கூடாது, வாயைத் திறக்கிற பிள்ளைக்கும் தெரியக்கூடாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது எனக்கு.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் சண்டை வருகிறது என்று கடிதத்துக்கு மாறினோமே, அது நல்லதுதான். இதில் சண்டை போடுவதற்கு ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருக்கிறது. எச்சில் தொட்டு ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் படம் வரையும் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். தொட்டியில் எந்தக் காலத்து வர்ணமோ ஒட்டியிருக்கிறது, எங்கே திரும்பினாலும் டர்பன்டைன் நாற்றம். இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு மேலே ஒரு போர்வை விரித்திருக்கிறேன். அதுதான் நாற்காலி. எந்த வகுப்புக்கு எந்த மூடி என்று ஆசிரியர்கள் சாக்பீஸ் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். நம் பெண் முயலின் வகுப்புக்கு மஞ்சள் வந்தது.

முயலின் வாயைப் பற்றிச் சொல்லணும். பின்னால் முளைத்த கடைவாய்ப் பல் நாலில் இரண்டு சரியில்லை. சுண்ணக்கட்டி மாதிரி வெளுத்து, மெத்தென்று இருக்கின்றன. சொத்தை உள்ளே போக வாசலைத் திறந்து வைத்த மாதிரி. பால் பல் என்றால் விழட்டும், இன்னொன்று வரும் என்று விட்டுவிடலாம். இது போனால் போனதுதான். ஊர்ப் பிள்ளைகளின் பல்லையெல்லாம் பார்க்கிறவளின் பெண்ணுக்கு இப்படி.

அதனால் ஒரே ஒரு கேள்வி. புதுசுக்கு எந்த மூடி? வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். அடுத்த கடிதத்தை நீல மையில் எழுதினால் நீலம். கறுப்பு மையில் எழுதினால் மஞ்சள். தபால்காரருக்குக்கூடத் தெரியாது.

முயலின் அம்மா


ஜூன் 17

டாக்டரம்மாவுக்கு,

பென்சிலில் எழுதுகிறேன். தப்பாக நினைக்காதே.

மூடி விஷயம் எனக்கே தெரியாது. புட்டியில் நிரப்பியது ஒருவர், மூடி போட்டது இன்னொருவர். எது எது என்று எழுதின காகிதம் இந்தச் சோதனையை நடத்துகிற பெரிய மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. நீ என் மனைவி என்பதால் உனக்கு இந்த வேலையைக் கொடுக்கவே மேடம் தயங்கினார். அந்தப் பக்கத்தில் வேறு ஆள் உடனே கிடைக்கவில்லை, அதனால் ஒப்புக்கொண்டார். அவர் நம்பிவிட்டாரே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

என் அறை எப்படி இருக்கும் என்று முயல் போனில் கேட்டாள். அவளுக்குச் சொல்லு. ஒரு நீளமான தொட்டி. அதில் உடம்புச் சூட்டில் வெந்நீர். அதற்குள் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், குப்பிக்கு ஒரு பல். யார் யாரோ பிடுங்கிக்கொண்ட பற்கள், எல்லாவற்றுக்கும் பூச்சு பூசி எச்சில் மாதிரி ஒரு திரவத்தில் போட்டிருக்கிறோம். தொட்டி மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும், தொட்டில் மாதிரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் பல்லோடு சேர்ந்து நானும் தூங்கிவிடுகிறேன்.

நேற்று அப்படித் தூங்கும்போது ஒரு கனவு. மழை நின்ற ஒரு தெருவில் நடக்கிறேன். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக வீடுகள், ஈரத்தில் பளபளவென்று. ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை. எல்லாம் ஒரே உயரம், நடுவில் மட்டும் இரண்டு பெரிய வீடு. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, நான் முயலின் வாய்க்குள் நிற்கிறேன். திரும்பிப் போகவே மனசு வரவில்லை.

பின் வரிசையில் இரண்டு வீடு வெளுத்திருந்ததா என்று கேட்காதே. இருந்தது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பிசின்காரன்


ஜூன் 24

பழமொழி வேண்டாம். எனக்குப் பல் வேண்டும்.

தன் பிள்ளை தானே வளர்வதாகச் சொன்னவர் யாரோ, அவர் நிச்சயமாக வீட்டில் இருந்து வளர்த்தவர் இல்லை. இங்கே எதுவும் தானே வளரவில்லை. காலையில் எழுப்பி, பல் தேய்க்க வைத்து, தலை பின்னி, அழுகையை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரு ஆள் செய்கிறாள்.

திங்கட்கிழமை முயலின் வகுப்புக்குப் பூசி முடித்தேன். மஞ்சள் மூடிதான். பல்லைப் பஞ்சால் ஒற்றி, சின்ன பிரஷ்ஷால் தடவி, "நாக்கை வைக்கக்கூடாது, ராத்திரி பல் தேய்க்கக்கூடாது, நாளைக் காலைலதான்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். நாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வகுப்பு முழுக்க வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பேச்சில்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து பெஞ்சில் விழுந்தது. எல்லாரும் ஒரே கனவைக் காண்கிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என் காதில், "தினமும் இதையே பூசிட்டுப் போங்க டாக்டர்" என்றார்.

அந்த வகுப்பில் சிரிக்காத ஒரே பிள்ளை நம் பிள்ளை. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே அந்தப் பல் கூசுகிறது அவளுக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கண்டுபிடிச்ச மருந்துதானே இது?" என்று கேட்டாள். என்ன சொல்லட்டும்? ஆமாம் என்றேன். பொய்யோ நிஜமோ, அதுவும் எனக்குத் தெரியக்கூடாதாமே.

பென்சிலில் எழுதுகிற ஆளுக்கு இனி நான் எழுதுவதாக இல்லை. நீங்களும் எழுத வேண்டாம்.


செப்டம்பர் 5

இரண்டு மாசத்துக்கு மேலாக முயலுக்கு மட்டும் படம் போட்ட அட்டை வருகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. சரி, நான்தான் எழுத வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற மனுஷரை என்ன செய்வது.

சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போன தடவை லீவில் வந்தபோது உங்கள் சாம்பல் நிறச் சட்டையை விட்டுவிட்டுப் போனீர்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. துவைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். முயல் சில நாள் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள், நானும் கேட்பதில்லை. அதில் ஒரு வாசனை. ஈரமான மரப்பட்டை மாதிரி, கொஞ்சம் ஸ்பிரிட் மாதிரி. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் நுழையும்.

அடுத்த தடவை பூசுவதற்காக நேற்று புட்டிகளை எடுத்து வைத்தேன். போன மாசம் படம் வரையும் அறையைக் கழுவி விட்டிருக்கிறார்கள், டர்பன்டைன் நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. பூச்சு கட்டியாகிவிட்டதா பார்க்கலாம் என்று ஒரு நீல மூடியைத் திறந்தேன். திறந்ததும் திரும்பிக் கதவைப் பார்த்தேன். நீங்கள் வந்து நிற்கிறீர்கள் என்று.

யாரும் இல்லை. புட்டிதான்.

மஞ்சள் மூடியையும் திறந்தேன். அதே நிறம், அதே கெட்டி, அதே பிசுபிசுப்பு. ஏதோ லேசாக வாசம் வரத்தான் செய்தது. ஆனால் அதில் நீங்கள் இல்லை. வேறு எந்த டாக்டர் முகர்ந்தாலும் இரண்டும் ஒன்று என்றுதான் சொல்லுவார். உங்கள் சட்டையோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அப்படியில்லை. பெரிய மேடத்தின் பூட்டெல்லாம் என் மூக்குக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆக, இரண்டு வருஷமாக நீங்கள் கரைத்துக் கலக்கியது நீல மூடிக்குள் இருக்கிறது. முயலுக்குச் சீட்டில் விழுந்தது மஞ்சள்.

பதினாறாம் தேதி அவள் வகுப்புக்கு மறுபடி பூசணும். அதற்கு முந்தின நாள் வீட்டிலேயே அவளுக்கு ஒரு துளி நீலத்தைத் தடவிவிட்டால் யாருக்குத் தெரியும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் காக்கைக்கும் கீழே இல்லை.

நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் யோசிக்கிறேன்.


செப்டம்பர் 10

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை வாங்கி, ஆடுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தேன். கதவைத் திரும்பிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். வேண்டாம் என்றும் நான் சொல்லக்கூடாது. செய் என்றும் சொல்லக்கூடாது. ஏன் என்று கேட்காதே, இப்போது முடியாது. இந்த ஒரு தடவை என்னை ஊமை என்று நினைத்துக்கொள்.

சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். எந்தப் பெற்றவரும் எந்த நாளும் தன் பிள்ளையைச் சோதனையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட நாளிலேயே அது ஒப்புக்கொண்ட விஷயம். எடுத்துவிட்டு உன் இஷ்டப்படி எதை வேண்டுமானாலும் பூசு, ஒருவரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வைத்துக்கொண்டே மாற்றாதே. அப்படிச் செய்தால் அந்த வாய் சொல்வது பொய்யாகிவிடும்.

இன்னொன்று. புதுசுதான் நல்லது என்று எனக்குத் தெரியாது. இது சமாதானம் இல்லை, நிஜம். என் குப்பியில் இருக்கிற பல்லுக்கு நாக்கு கிடையாது. அது மிட்டாய் தின்றதில்லை, அழுததில்லை, வாயைத் திறந்துகொண்டு தூங்கியதில்லை. குப்பியில் நன்றாக ஒட்டிக்கொண்டது பிள்ளை வாயில் ஒட்டுமா என்று தெரியாததால்தான் உனக்குப் பெட்டி வந்தது. தெரிந்திருந்தால் சீட்டு எதற்கு?

என்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது புட்டி கழுவுகிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கை எப்போதும் சோப்பு வாசனை.

நான் அங்கே இருந்து, எனக்கு எதுவுமே தெரியாமல் இருந்தால், நானும் நீ நினைப்பதைத்தான் நினைத்திருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இன்றும் பென்சில்தான்.


செப்டம்பர் 18

உங்களுக்கு,

கையில் எடுத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முயல் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது, அவள் முகத்தில் வெளிச்சம் வருவதும் போவதுமாக இருக்கிறது. அவளுக்குத்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற பழக்கமாயிற்றே. இதைவிட வசதி வேறு எப்போது வரும். உங்கள் கடிதத்தில் வேண்டாம் என்று எங்கேயும் இல்லை, நாலு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். ஊமையாம். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். உங்களுக்கு முப்பத்திரண்டும் இருந்தும் சொல் போய்விட்டது.

நீல மூடியைத் திறந்தேன். பிரஷ்ஷைத் தோய்த்தேன். கன்னத்தை விரலால் ஒதுக்கிக் குனிந்தேன்.

தூக்கத்திலேயே அவள் முகம் மலர்ந்தது. கண்ணைத் திறக்கவில்லை. "அப்பா வந்தாச்சா?" என்றாள்.

அதற்குப் பிறகு என் கை ஓடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவள் மேல் விழாமல் திரும்பிக்கொண்டேன். அவள் சிரித்தபடியே புரண்டு படுத்துக்கொண்டாள். அவள் அப்பாவைக் கேட்கிறாள், நான் பிரஷ்ஷை நீட்டுகிறேன். ஒரு நல்ல காரியத்தைச் செய்வது மாதிரியே இல்லை. தூங்குகிற பிள்ளையின் பையில் கை விடுகிற மாதிரி இருந்தது. மூடியை மூடிவிட்டேன்.

அப்புறம்தான் மற்ற பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற ஒரு பெண், முன் பல் ஓட்டை வழியாக விசிலடிப்பாள். என்னைப் பார்த்தால் சொல்லும் முன்பே ஆ என்று திறப்பாள். நீலம்தான் நல்லது என்று எனக்குள் நானே முடிவு கட்டிக்கொண்டு, அந்த வாயில் மஞ்சளை எப்படிப் பூசுவது?

அன்று சாயங்காலமே பெரிய மேடத்துக்குப் போன் செய்தேன். "வாசனையை வச்சு எனக்கு மூடி தெரிஞ்சுபோச்சு, இனிமே நான் பூசக்கூடாது" என்றேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "எது எதுன்னு என்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். முதல் தடவை தெரியாமல் பூசியதால் அது செல்லும் என்றும், இனி வேறு ஆளை அனுப்புவதாகவும் சொன்னார். வைக்கும் முன், "உங்க வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி போல" என்றார். எனக்கு அது புரியவில்லை.

பதினாறாம் தேதி ஒரு பல் டாக்டர் பஸ் பிடித்து வந்தார். ஜலதோஷக்காரர், எதையும் முகர மாட்டார் என்று பார்த்து அனுப்பினார்களோ என்னவோ. நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். முயல் உள்ளே போகும்போது, "ஏம்மா நீ வரல?" என்றாள். "எனக்கு உன் மேல ஆசை ஜாஸ்தி, அதான்" என்றேன். ஏதோ புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மஞ்சள் மூடி.

சோதனையிலிருந்து அவளை எடுக்கவில்லை. சீட்டு எப்படி விழுந்ததோ அப்படியே இருக்கட்டும். அந்தப் பல் போனால் உங்களை மன்னிப்பேனா என்று எனக்குத் தெரியாது. என்னையும்தான்.


அக்டோபர் 2, மறு வருஷம்

டாக்டரம்மாவுக்கு,

கடையில் மஞ்சள் மை கேட்டேன். மஞ்சளில் எழுதினால் யார் கண்ணுக்குத் தெரியும் என்று கடைக்காரர் சிரித்துவிட்டார். அதனால் இதுவும் பென்சில்.

இன்று காலை பெரிய மேடம் அலமாரியைத் திறந்தார். எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். காகிதத்தைப் படித்தபோது மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அது பழைய செய்தி. ஒரு வருஷமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

புதுசு மஞ்சள் மூடி. நீலம் பழசு.

உன் மூக்கு தப்பு செய்யவில்லை. நீலத்தில் நான்தான் இருந்தேன். என் வேலை என்ன என்று நீயும் கேட்டதில்லை, நானும் விவரமாகச் சொன்னதில்லை. ஏதோ புதுப் பூச்சை நானே கண்டுபிடிப்பதுபோல நீங்கள் இரண்டு பேரும் நினைத்தீர்கள், கேட்க எனக்கும் சுகமாக இருந்தது. நிஜம் இவ்வளவுதான். புதுசைச் செய்தது பக்கத்து அறைக்காரர்கள். பிசினைச் சுத்தம் செய்ததில் அதன் நிறம், ருசி, வாசனை எல்லாம் போய்விட்டது. அதைப் பழசு மாதிரியே ஆக்கணும், அப்போதுதான் பூசுகிறவருக்குத் தெரியாது. அது என் வேலை. அதற்காகப் பழசைத் தினமும் காய்ச்சிக் கரைத்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வருஷமும் என் சட்டையில் ஏறியது பழசின் வாசனை. நிறத்தைக் கொண்டுவந்தேன், ருசியைக் கொண்டுவந்தேன். வாசனையில் மட்டும் ஒரு நூல் குறைந்தது. அந்த ஒரு நூலைப் பிடிக்க உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். அவளுக்கே பெட்டியை அனுப்பினோம்.

மூடியை முகர்ந்ததாக எழுதினாயே, அந்தச் செப்டம்பர் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ தலைகீழாகப் புரிந்துகொண்டு, முயலின் வாயிலிருக்கும் புதுசின் மேல் பழசைப் பூசப் போகிறாய். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுதினால் மூடியைச் சொன்னதாகிவிடும். அன்றே மேடத்திடம் போய், "எனக்கு மூடி தெரிஞ்சுபோச்சு, என்னை இந்த மேஜையிலேர்ந்து எடுத்துடுங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்காமல் புட்டி கழுவ அனுப்பினார். பதினாறாம் தேதி பூராவும் கழுவின புட்டியையே கழுவிக்கொண்டிருந்தேன். பூசவில்லை என்று உன் கடிதம் வந்த அன்று குழாயைத் திறந்து விட்டுவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். முன் பல்லில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் புதுசு கெட்டியாக நின்றிருக்கிறது, மஞ்சள் வகுப்புகளில் சொத்தை குறைவு. பிரமாதம் என்று சொல்ல முடியாது. நல்லது என்று சொல்லலாம். இனி நீல வகுப்புகளுக்கும் புதுசுதான் வரும், அந்த விசில் பெண்ணுக்கு முதலிலிருந்தே புதுசுதான்.

முயலின் அந்த இரண்டு பல் எப்படி இருக்கிறது? ஒரு வருஷமாகக் கேட்காமலே இருந்துவிட்டேன். கேட்கப் பயம்.

என் வேலை முடிந்தது. இருபதாம் தேதி வருகிறேன். லீவில் இல்லை.


அக்டோபர் 9

பிசின்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். உலகத்துக்கே டாக்டர், மூக்கைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தூக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் இறங்கியே இருப்பேன். நீங்கள் அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தேடிப் பார்த்தால் கோபத்தைக் காணோம்.

பல்லைக் கேட்டீர்கள். நாலில் மூன்று கல் மாதிரி இருக்கின்றன. வெளுத்த இரண்டில் ஒன்று கெட்டிப்பட்டுவிட்டது, குளிர்ந்த தண்ணீர் குடித்தாலும் கூசவில்லை என்கிறாள். இன்னொன்றில் ஊசிமுனை அளவு சொத்தை விழுந்தது. சுரண்டி அடைத்துவிட்டேன், தாங்கும். உங்கள் மஞ்சளாலா, நான் துரத்தித் துரத்திப் பல் தேய்க்க வைத்ததாலா என்று ஒரே ஒரு வாயை வைத்துச் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், பென்சிலால்.

நீங்கள் வருகிற செய்தியை முயலிடம் சொன்னேன். எது புதுசு, எது பழசு என்றும் விளக்கினேன். அவளுக்கு அதில் அக்கறையே இல்லை. இருபதாம் தேதி கதவு தட்டினால் யாரும் திறக்கக்கூடாதாம். கண்ணை மூடிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பாளாம். முகர்ந்து பார்த்து அப்பாதான் என்று அவள் சொன்ன பிறகுதான் திறக்கணுமாம்.

அதனால் சோப்பு வாசனையோடு வந்து நிற்காதீர்கள். கிளம்புகிற அன்று அந்தப் பழசை ஒரு தடவை கரைத்துவிட்டு, அதே சட்டையோடு வாருங்கள். நானும் பக்கத்தில்தான் நிற்பேன். என் கண்ணும் மூடித்தான் இருக்கும்.